டர்போ கெப்பா, நோர்மல் கெப்பா: மேட்டு ரோட்டுல ரெண்டையும் ஓட்டிப் பாத்த ரிவ்யூ

கெப் (பிக்கப் வண்டி) ஒன்னு எடுக்கப் போறேன்னு வாயத் தொறந்தாலே நம்ம பக்கத்துல ரெண்டு கட்சி கெளம்பிரும். டர்போன்னா எஞ்சின் புகையால சுத்தி காத்த அமுக்கி உள்ள தள்ளுற விசிறி, அது இல்லாத எஞ்சின் தான் நோர்மல். "டர்போ இல்லாம மேல ஏற ஏலாது தம்பி"ன்னு ஒரு கட்சி, "டர்போ போச்சுன்னா பொஞ்சாதி நகைய அடகு வச்சித்தான் செய்யணும், பழைய ஹைலக்ஸ் ஒன்ன தேடி எடுத்துட்டு நிம்மதியா இரு"ன்னு இன்னொரு கட்சி. ரெண்டு பேருமே ஒரே ஒரு வண்டிய தான் வாழ்க்கை பூரா ஓட்டிருப்பாங்க, ஆனா பேச்சு மட்டும் ஜப்பான்ல எஞ்சின் செஞ்சவன் மாதிரி இருக்கும். நான் நுவரெலியா கந்தப்பளை பக்கம், மரக்கறி ஏத்துறது தான் தொழிலு. எங்க வீட்டுல ரொம்ப நாளா 5எல் எஞ்சின் ஹைலக்ஸ் ஒன்னு ஓடுச்சு, டர்போ இல்லாத 3 லீட்டர். இப்ப நான் ஓட்டுறது 4டி56 டர்போ எஞ்சின் வச்ச மிட்சுபிஷி எல்200. மச்சான்கிட்ட 2கேடி எஞ்சின் ஹைலக்ஸ் விகோ, அவரு கொழும்புல நிக்கிற நேரமெல்லாம் அதுவும் என் கையில தான். மூனையும் இதே ரோட்டுல இதே மாதிரி லோட்டோட ஓட்டுனத வச்சி எழுதுறேன், கொழும்பு ஹைவேயில ஓட்டுறவங்களுக்கு இது சரிவராது, அவங்க எத எடுத்தாலும் ஓடும்.

மொதல்ல காத்து விசயம், ஏன்னா நம்ம ஊருல பாதி சண்டை இதுல தான் வருது. நுவரெலியா டவுன் 1868 மீட்டர் உயரத்துல இருக்கு. அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல ஏறக்கொறைய 80 சதவீதம் தான். டர்போ இல்லாத எஞ்சின் பிஸ்டன் எறங்குறப்ப தானா காத்த இழுக்குது, வெளிய என்ன அழுத்தமோ அது தான் உள்ள போகும், வேற வழியில்ல. அப்ப கம்பஹால ஓட்டிப் பாத்து "அடேயப்பா என்ன இழுவ"ன்னு வாங்கிட்டு வர்ற வண்டி நானுஓயா தாண்டுனதும் அஞ்சுல ஒரு பங்கு காத்த கீழேயே விட்டுட்டு தான் வருது. குளிரு கொஞ்சம் திருப்பிக் குடுக்கும், அதையும் சொல்லணும், கொழும்புல 30 டிகிரி காத்தும் இங்க 15 டிகிரி காத்தும் ஒன்னில்ல, குளுந்த காத்து கொஞ்சம் அடர்த்தி, அதுல ஒரு அஞ்சு சதவீதம் திரும்பி வரும். மொத்தத்துல ஒரு பதினஞ்சு பதினாறு சதவீதம் நட்டம்னு வச்சிக்கிட்டா பெருசா பெசகாது. ஹட்டன் பண்டாரவளைன்னா 1200 மீட்டர் சொச்சம், அங்க இவ்வளவு தெரியாது. கண்டி 500 மீட்டர், அங்க ஒன்னுமே தெரியாது. அதனால "நான் கண்டியில பதினஞ்சு வருசமா நோர்மல் எஞ்சின் தான் ஓட்டுறேன், ஒரு கொறையுமில்ல"ன்னு சொல்றவரு பொய் சொல்லல, அவரு ஊரு வேற நம்ம ஊரு வேற.

சரி, டர்போ வச்சா இந்த நட்டமே இல்லன்னு சொல்றாங்களே, அதுவும் முழுசா உண்மையில்ல. பழைய மாதிரி டர்போவுல வேஸ்ட்கேட்டுன்னு ஒரு கதவு, ஸ்பிரிங்கு வச்சது, குறிச்ச அழுத்தம் வந்ததும் தொறந்து மிச்ச புகைய வெளிய விட்டுரும். அந்த ஸ்பிரிங்கு வெளிக் காத்தோட ஒப்பிட்டு தான் வேல செய்யும். கடல் மட்டத்துல வெளிய 1 பார், டர்போ 0.7 பார் தள்ளுது, மொத்தம் 1.7. நுவரெலியால வெளிய 0.8, அதே 0.7 தள்ளுனா 1.5. அதாவது பன்னெண்டு சதவீதம் போச்சு. குளிர கணக்குல எடுக்காம பாத்தா நோர்மல் எஞ்சினுக்கு இருபது போற எடத்துல இதுக்கு பன்னெண்டு, அவ்வளவு தான் வித்தியாசம். புது கம்பியூட்டர் எஞ்சின்ல சென்சர் பாத்து டர்போவ இன்னும் வேகமா சுத்த வச்சி அதையும் ஈடு கட்டும். ஆனா டர்போ எஞ்சின் கீழ இருந்து வர்றப்பவே கூட சக்தியோட தானே வருது, அதனால பன்னெண்டு போனாலும் மிச்சம் நெறைய இருக்கும். 5எல் எஞ்சினோட இழுவ (டோர்க்) கடல் மட்டத்துலயே 200 நியூட்டன் மீட்டரத் தொடாது. எல்200 டர்போ 240. சாதா டர்போ வச்ச மொத விகோவுல 2கேடிக்கு 260, அதே விகோவுல 3 லீட்டர் 1கேடி வந்துச்சே, அதுக்கு 343. அந்த 343 கூட நிமிசத்துக்கு 1400 சுத்துலயே வந்துரும், அது தான் பெரிய விசயம், ஏன்னு கீழ வளைவுக் கதையில சொல்றேன்.

இன்னொன்னு, பழைய நோர்மல் டீசலுக்கு மேல வந்தா புகை ஏன் கூடுதுன்னு நெறைய பேருக்கு தெரியாது. பம்ப் காத்த பாத்து டீசல் அடிக்கிறதில்ல, ஆக்சிலேட்டர எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு அடிக்கும். கீழ சரியா எரிஞ்ச அதே அளவு டீசலுக்கு மேல காத்து பத்தாம போயிருது, எரியாத மிச்சம் கரியா வருது. புகை டெஸ்டுக்கு போறப்ப கராஜ் பாஸ்மாருங்க (மெக்கானிக்மாரு) பம்புல ஸ்க்ரூவ ஒரு கால் சுத்து உள்ள வெளிய வச்சி டீசல கொறைப்பாங்களே, அது இதுக்கு தான். டெஸ்ட் முடிஞ்சதும் திரும்ப கூட்டி வப்பாங்க. கூட்டாதீங்க. இங்க ஓடுற வண்டிக்கு கொறச்ச செட்டிங் தான் சரியான செட்டிங், கூட்டி வச்சா இழுவ கொஞ்சூண்டு கூடுன மாதிரி இருக்கும், ஆனா அந்த டீசல் பூரா பின்னால வர்ற மோட்டர்சைக்கிள்காரன் மூஞ்சியில தான் போகும், எஞ்சினும் சூடாகும்.

இப்ப வண்டிங்கள பாப்போம். 5எல் ஹைலக்ஸ். 2986 சிசி, ப்ரீ சேம்பர் (டீசல் மொதல்ல எரியிற சின்ன அறை) வச்ச பழைய மாதிரி எரிப்பு, மெக்கானிக்கல் பம்ப், கம்பியூட்டர் கெடையாது. இந்த எஞ்சினப் பத்தி கெட்டதா ஒரு வார்த்த சொன்னா எங்கப்பா சோறு போட மாட்டாரு, ஆனாலும் சொல்றேன், ஏத்தத்துல இது வேகமான வண்டி இல்ல. புசல்லாவை தாண்டி றம்பொடைக்கு ஏற ஆரம்பிச்சா ரெண்டாவது கியரு, சில எடத்துல மொத கியரு, பின்னால வேன்காரங்க ஹோர்ன் அடிப்பாங்க, நீங்க ஓரம் ஒதுக்கி விட்டுட்டு திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஆனா இழுக்குற விதம் இருக்கே, அது தனி. க்ளட்ச்ச விட்ட எடத்துலருந்தே இழுவ இருக்கும், ஆயிரம் சுத்துல என்ன குடுக்குதோ அதுக்கு பக்கத்துல தான் ரெண்டாயிரத்துலயும் குடுக்கும், திடீர்னு வர்றது திடீர்னு போறதுன்னு ஒன்னுமில்ல. தோட்டத்து ரோட்டுல, அதுவும் மழைக்கு பிறகு கல்லு பேந்து கெடக்குற லயத்துப் பாதையில நடக்குற வேகத்துல பத்து மூட்ட உரத்தோட ஏறுறப்ப இந்த குணம் தான் வேணும், ஒரு அங்குலம் ஒரு அங்குலமா ஏத்தலாம். நாலு வீல் லோ கியர் போட்டுட்டா டர்போவா இல்லையான்னு கேள்வியே வராது.

காலைல ஸ்டார்ட் பண்றது தான் தலைவலி. ஜனவரி பெப்ரவரியில புல்லு மேல வெள்ளையா உறைபனி கெடக்குற காலைல ஹீட்டர் ப்ளக் நாலும் சரியா இருக்கணும், ஒன்னு போயிருந்தாலும் எஞ்சின் மூனு கால்ல நொண்டிக்கிட்டு வெள்ள புகைய கக்கும், அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னல சாத்துவாங்க. ப்ரீ சேம்பர் எஞ்சினுக்கு இந்த வியாதி பொதுவானது, எரியிற சூட்ட அந்த அறை சுவரே குடிச்சிரும். டீசல் கூட குடிக்கிறதுக்கும் அதே காரணம் தான். விகோ மாதிரி நேரா சிலிண்டர்லயே டீசல் அடிக்கிற எஞ்சின் அதே குளிருல ஒரே தட்டுல புடிச்சிக்கும், அதே லோட்டுக்கு டீசலும் தெரியிற அளவுக்கு மிச்சம்.

அடுத்து விகோ. மச்சான் வண்டி 2494 சிசி, சாதா டர்போ, டர்போ காத்த குளுத்துற இன்டர்கூலர் இல்லாத மொத வகை. நேர் ஏத்தத்துல, நானுஓயாவுலருந்து டவுனுக்கு வர்ற மாதிரி எடத்துல, இது ஹைலக்ஸ விட எவ்வளவோ மேல, மூனாவது கியர விடவே தேவையில்ல, வண்டிக்குள்ள பேசிக்கிட்டே வரலாம். ஆனா றம்பொடை கொண்டை ஊசி வளைவுகள்ல இதோட இன்னொரு மூஞ்சி தெரியும். மேல இருந்து பஸ் ஒன்னு வளைவ பூரா அடைச்சிக்கிட்டு எறங்குது, நீங்க நிப்பாட்டுறீங்க. பஸ் போச்சு. இப்ப வளைவோட உள்பக்கம், செங்குத்து, பின்னால ஒரு டன்னுக்கு கிட்ட கோழி எரு. க்ளட்ச்ச விடுறீங்க, சுத்து ஆயிரத்து சொச்சத்துல கெடக்குது, டர்போ இன்னும் முழிக்கல, அந்த நேரத்துல உங்ககிட்ட இருக்குறது டர்போ இல்லாத ஒரு ரெண்டரை லீட்டர் எஞ்சின் தான், அதுவும் காத்து கொறஞ்ச மேட்டுல. வண்டி நடுங்குது, நிக்கப் பாக்குது, நீங்க ஆக்சிலேட்டர மிதிச்சி க்ளட்ச்ச பாதியில புடிச்சி வச்சிருப்பீங்க, கருகுன வாசம் வரும், அப்பறம் 1600 சுத்து தாண்டுனதும் திடீர்னு தள்ளும். இத தெனமும் செஞ்சா க்ளட்ச் ப்ளேட் எத்தன மாசம் வரும்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. பழகுன டிரைவர் வளைவுக்கு முன்னாடியே மொத கியருக்கு போட்டு சுத்த எறங்க விடாம வச்சிருப்பாரு, பழகாதவரு கையில குடுத்தா க்ளட்ச் செலவு உங்களுக்கு. இதுக்காகத் தான் 1கேடிய சொன்னேன், 3 லீட்டர் உடம்பும் இருக்கு, கீழ சுத்துலயே டர்போவும் வருது, றம்பொடையில நிப்பாட்டி எடுக்குறதுக்கு நான் ஓட்டுனதுல அது தான் மன்னன். வெல மட்டும் கேக்காதீங்க, 2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டுனாங்களே, அதுலருந்து ஏறுன வெல 2025ல திரும்ப தொறந்த பிறகும் பழைய எடத்துக்கு வரல.

எல்200. 2477 சிசி 4டி56. இதே எஞ்சின் டர்போ இல்லாமலும் வந்துச்சு, ரெண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாத்தா ஒரே எஞ்சின்னு சத்தியமா நம்ப மாட்டீங்க, அந்த டர்போ இல்லாதது நம்ம ஊருக்கு ஆகவே ஆகாது, வெல கொறைவா வருதேன்னு எடுக்காதீங்க. டர்போ வச்சது, மெக்கானிக்கல் பம்ப், ப்ரீ சேம்பர், சின்ன டர்போ, மெதுவா தள்ளும். எனக்கு இது ஏன் புடிச்சிருக்குன்னா டர்போவும் இருக்கு, கம்பியூட்டரும் இல்ல. நம்ம ஆளுங்க டர்போ டர்போன்னு பயப்படுறது பாதிக்கு மேல டர்போவ இல்ல, கம்பியூட்டர் வச்சி டீசல் அடிக்கிற கொமன் ரெயில தான், ரெண்டும் ஒன்னா வந்ததால ரெண்டையும் ஒன்னா போட்டு திட்டுறாங்க. கொமன் ரெயில்ல டீசல் ஆயிரம் பாருக்கு மேல அழுத்தத்துல இன்ஜெக்டருக்கு போகுது, அதுல ஒரு சொட்டு தண்ணி, ஒரு துளி துருவு போனாலும் இன்ஜெக்டர் கெட்டுப் போகும். 2022ல டீசல் இல்லாம பெட்ரோல் ஷெட்ல நாள் கணக்கா லைன்ல நின்னமே, அப்ப கேன்லயும் பரல்லயும் பதுக்கி வச்ச டீசல ஊத்தி எத்தன கொமன் ரெயில் எஞ்சின் படுத்துச்சுன்னு கராஜ்காரங்கள கேளுங்க. அதே டீசல எங்க பழைய ஹைலக்ஸ் குடிச்சிட்டு கொஞ்சம் இருமிட்டு ஓடுச்சு. விகோ வச்சிருக்கிறவங்க முடிஞ்சா சூப்பர் டீசல் அடிங்க, முடியலன்னா ஓட்டோ டீசல் அடிச்சாலும் ஃபில்ட்டர நேரத்துக்கு மாத்துங்க, அடியில சேர்ற தண்ணிய அடிக்கடி தொறந்து விடுங்க. ஃபில்ட்டர்ல காசு மிச்சம் புடிக்கிறவன் கொமன் ரெயில் எடுக்கவே கூடாது.

4டி56க்கும் கொற இருக்கு, மறைக்க மாட்டேன். சூடேறுனா ஹெட் வெடிக்கிற எஞ்சின்னு இது உலகம் பூரா பேரு வாங்குனது. பெல்ட்டு ரெண்டு, டைமிங்குக்கு ஒன்னு, பேலன்ஸ் ஷாஃப்டுக்கு ஒன்னு, சின்னத மாத்தாம பெருச மட்டும் மாத்துனா சின்னது அறுந்து பெருசுக்குள்ள மாட்டிக்கும், அதோட வால்வு பிஸ்டன் எல்லாம் போச்சு. நான் எடுத்த உடனே செஞ்சது ரெண்டு பெல்ட்டும் மாத்துனது, ரேடியேட்டர கழட்டி கம்பி விட்டு அடைப்பெடுத்தது, ஃபேன் விஸ்கஸ் (சூடேறுனா ஃபேன புடிச்சி சுத்த வைக்கிற கப்ளிங்) புடிக்குதான்னு பாத்தது. ஏன்னா டர்போ ஏத்தத்துல என்ன செய்யுது, கூட காத்து கூட டீசல், கூட சூடு, வண்டி வேகமோ மணிக்கு இருபது, முன்னால இருந்து காத்து அடிக்காது, எல்லாத்தையும் ரேடியேட்டரும் ஃபேனும் தான் தாங்கணும். மேல போகப் போக கூலன்ட் கொதிக்கிற சூடும் கொறையும், அதுக்குத் தான் ரேடியேட்டர் மூடி அழுத்தம் புடிச்சி வைக்கிற மூடி, அந்த ரப்பர் காஞ்சி போயிருந்தா நுவரெலியாவுல தண்ணி 94 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிரும். மூடி என்ன, ரெண்டு மூனு கொத்து ரொட்டி காசு. அத மாத்தாம ஹெட் செய்யுறவங்க நெறைய பேரு. நம்ம ரோட்டுல நல்ல டர்போவ விட நல்ல ரேடியேட்டர் தான் மொதல்ல பாக்க வேண்டியது, நோர்மல் எஞ்சினா இருந்தாலும் இதே தான்.

இப்ப யாரும் பேசாத ஒரு விசயம், எறக்கம். மரக்கறிக்காரனுக்கு லோட் எங்க போகுது? லீக்ஸ், கரட், கோவா எல்லாம் தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ கீழ தான் போகுது. லோட்டோட எறங்குறோம், வெறும் பெட்டியோட ஏறுறோம். அந்த மாதிரி ஓடுறவங்களுக்கு டர்போவ விட எறக்கத்துல எஞ்சின் எவ்வளவு புடிக்கும்ங்கிறது தான் பெரிய கேள்வி. எஞ்சின் புடிப்பு வர்றது சிசியில இருந்தும் கியருல இருந்தும், டர்போவுல இருந்து ஒரு பிடியும் வராது. டீசலுக்கு பெட்ரோல் எஞ்சின் மாதிரி காத்த அடைக்கிற த்ரொட்டில் பழைய எஞ்சின்கள்ல கெடையாது, அதனால ஏற்கனவே புடிப்பு கம்மி. டர்போ வச்ச சின்ன எஞ்சின் ஏறுறப்ப பெரிய எஞ்சினா ஏறும், எறங்குறப்ப சின்ன எஞ்சினாத் தான் எறங்கும். 3 லீட்டர் ஹைலக்ஸ ரெண்டாவது கியருல விட்டுட்டு லபுக்கலையில இருந்து எறங்குனா பிரேக்க அங்கங்க தொட்டா போதும், அதே லோட்டோட ரெண்டரை லீட்டர் வண்டிய அதே கியருல விட்டா வேகம் புடிச்சிக்கிட்டே போகும், மொத கியருக்கு வரணும். புது 2.4 லீட்டர் எஞ்சின்கள்ல இது இன்னும் தெரியும், ஏறுறப்ப குடுக்குற தெம்புல எறக்கத்துலயும் அதே வேகத்துல வரலாம்னு மனசு சொல்லும், அத கேக்காதீங்க. நானுஓயா ரதல்ல குறுக்கு ரோட்டுலயும் எல்ல வெல்லவாய ரோட்டுலயும் நடந்த விபத்துங்கள நான் சொல்லித் தான் தெரியணும்னு இல்ல. ஏறுன கியருலயே எறங்குன்னு பழைய லொறி டிரைவருங்க சொல்லுவாங்க, அது நோர்மல் எஞ்சின் காலத்துல சொன்னது. டர்போ வண்டிக்கு ஏறுன கியருக்கு ஒன்னு கீழன்னு வச்சிக்கங்க.

மறுபக்கம் உரம், கோழி எரு, சீமெந்து, விதைக் கெழங்குன்னு கீழ இருந்து மேல லோட் ஏத்துறவங்களுக்கு கதை தலைகீழ். அவங்க டர்போ எடுக்கலன்னா நேரமும் போகும் டீசலும் போகும், எஞ்சின் முழு மிதியிலயே மணிக்கணக்கா கெடக்கும். இந்த ரெண்டு கூட்டத்தையும் பிரிக்காம "மலைநாட்டுக்கு எது நல்லது"ன்னு கேட்டா பதிலே கெடையாது. தோட்டத்துக்குள்ள மட்டும் கொழுந்து, வெறகு, உரம்னு சுத்துறவங்க இன்னொரு கூட்டம், அவங்களுக்கு கெப்பே தேவையில்லன்னு கூட சொல்லுவேன், டிமோ பட்டான்னு சொல்ற டாட்டா ஏஸ் சின்ன லொறிய பாருங்க, 702 சிசி, ரெண்டு சிலிண்டர், டர்போ இல்ல, 16 குதிரை சக்தி, அது ஏறாத தோட்டம் எங்க இருக்கு? கத்தும், குலுங்கும், பின்னால வர்றவன் சாபம் விடுவான், ஆனா போய்ச் சேரும்.

டர்போ பராமரிப்ப பத்தி எல்லாரும் சொல்றது தான், இருந்தாலும் ஏன்னு தெரிஞ்சா செய்வீங்க. உள்ள இருக்குற ஷாஃப்ட் நிமிசத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்துது, அத தாங்குறது மெல்லிசான ஒயில் படலம் மட்டும் தான். றம்பொடை ஏறி வந்து கோயில் முன்னால டக்குன்னு ஆஃப் பண்ணுனா ஒயில் நின்னுரும், டர்போ இன்னும் சூடு, தேங்குன ஒயில் அங்கேயே கருகி கரியாகும். ஒன்னு ரெண்டு நிமிசம் ஐட்லிங்ல விடுங்க, ஆஞ்சநேயர வண்டியில இருந்தே ஒருக்கா கும்புட்டா நேரம் சரியா இருக்கும். ஒயில அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்துங்க, ஏத்தத்துல ஓடுற வண்டிக்கு பத்தாயிரம்னு டப்பாவுல எழுதியிருந்தாலும் நம்பாதீங்க.

தெரிஞ்ச லொறிக்காரர் ஒருத்தர் டர்போ போச்சுன்னு கண்டியில ஒரு கடையில கொண்டு போய் உள்பகுதி மாத்தி எடுத்துட்டு வந்தாரு. கொஞ்ச நாள்ல திரும்ப விசில் சத்தம், நீலப் புகை. அந்த கடைக்காரன் "உங்க ஓட்டம் சரியில்ல"ன்னு கை விரிச்சிட்டான். இங்க தலவாக்கலை பாஸ் ஒருத்தர் டர்போவ தொடாம மொதல்ல ஒயில் வர்ற சின்ன பைப்போட போல்ட்ட கழட்டுனாரு, நடுவுல ஓட்ட வச்ச போல்ட், அந்த ஓட்ட கருகுன ஒயில்ல அடைச்சி ஊசி போற அளவுக்கு தான் மிச்சம் இருந்துச்சு. வெளிச்சத்துல புடிச்சி காட்டுனாரு, ஒரு புள்ளி தான் தெரிஞ்சிச்சு. டர்போவ மாத்துனவங்க பைப்ப மாத்தல, புதுசும் ஒயில் இல்லாம செத்துப் போச்சு. டர்போ செய்யக் குடுத்தா அந்த பைப்பையும் போல்ட்டையும் புதுசா போடச் சொல்லுங்க, கூடவே ஒயிலும் ஃபில்ட்டரும், இத செய்யாத கடையில காசு குடுக்காதீங்க.

நோர்மல் எஞ்சின்ல வெளியில இருந்து டர்போ வாங்கி மாட்டுறதப் பத்தியும் கேக்குறாங்க. வேணாம். டர்போ எஞ்சினுக்கு பிஸ்டனுக்கு அடியில ஒயில் பீச்சுறது, ஹெட் கேஸ்கட், பம்ப், ரேடியேட்டர் எல்லாமே வேற மாதிரி குடுத்திருப்பாங்க, பம்புக்கு மேல காத்தழுத்தத்த பாத்து டீசல் கூட்டுற ஒரு டயஃப்ரம் இருக்கும், உங்க நோர்மல் பம்புல அது இருக்காது. மொத்தமா டர்போ எஞ்சினையே எறக்கி மாத்துனா அது வேற, ஆனா எஞ்சின் நம்பர் புக்குல மாத்துற அலைச்சலும் சேரும்.

என் கையில காசு குடுத்து எதன்னு கேட்டா, மேல லோட் ஏத்துறவருக்கு நல்ல ரேடியேட்டரோட மெக்கானிக்கல் பம்ப் டர்போ, எல்200ஓ இல்ல டபிள்யூஎல் டர்போ எஞ்சின் வச்ச பழைய மஸ்தா, ஃபோர்ட் ரேஞ்சரோ. காசு இருந்து ஃபில்ட்டர் ஒயில் விசயத்துல ஒழுங்கும் இருந்தா 1கேடி. மரக்கறி கீழ எறக்கிட்டு வெறுமனே ஏறுறவருக்கு 5எல் ஹைலக்ஸ், இல்லன்னா நிசானோட டிடி27, அதுக்கு டைமிங் பெல்ட்டே கெடையாது, கியர் வச்சது. வண்டிய டிரைவர் கையில விட்டுட்டு வீட்டுல இருக்குறவர் எல்லாருக்கும் நோர்மல், ஏன்னா ஐட்லிங்ல விடுன்னு நீங்க சொல்லலாம், அவரு விடுவாரான்னு நீங்க பாக்கப் போறதில்ல. 2.5 லீட்டர் நோர்மல் எத எடுத்தாலும் ஹட்டனுக்கு மேல வேணாம்.

வண்டி பாக்கப் போறது பெரும்பாலும் குருநாகல், கொழும்பு பக்கம் தான், அங்க மட்ட ரோடு, எல்லா வண்டியும் நல்லா தான் ஓடும். கடுகண்ணாவ ஏத்தம் வரைக்குமாவது கொண்டு வாங்க, முழு மிதியில ஏத்தி சூட்டு முள்ள பாருங்க, பாதிய தாண்டி நகந்தா விட்டுருங்க. டர்போ வண்டியா இருந்தா மேல வந்து ஆஃப் பண்ணி ஆறுனதும் காத்து போற ஹோஸ கழட்டி விரல விட்டு ஷாஃப்ட ஆட்டிப் பாருங்க, பக்கவாட்டுல லேசா ஆடுனா பரவாயில்ல, முன்ன பின்ன வந்தாலோ சக்கரம் உள்சுவர்ல தட்டுனாலோ டர்போ காச வெலையில கழிச்சிக்கங்க. ஹோஸுக்குள்ள மெல்லிசா ஒயில் படிஞ்சிருக்குறது சகஜம், வழிஞ்சா சகஜமில்ல. எஞ்சின் ஓடுறப்ப ஒயில் மூடிய தொறந்து புகை குபுகுபுன்னு வருதான்னும் பாருங்க, இது டர்போ நோர்மல் ரெண்டுக்கும். ஏத்தத்துல ஓட்டிப் பாக்க வேணாம்னு விக்கிறவரு சொன்னா பேரம் பேசாம பஸ்ஸப் புடிச்சி வந்துருங்க.